மூக்கு லாரிக்குப் புது ஸ்டீயரிங்

“இத்தனை வயசுக்கு மேல முதலாளிக்கு வண்டி ஓட்டற ஆசை வந்திருக்கு” என்றார் டிரைவர். “அப்புறம் நான் எதுக்கு?”

என் பட்டறையில் அவருடைய மூக்கு லாரி, எஞ்சின் முன்னால் மூக்கு மாதிரி நீண்டிருக்கும் பழைய மாடல், நின்றிருந்தது. அவருடையது என்பது வாய்ப்பழக்கம். லாரி மரக்கடை முதலாளிக்குச் சொந்தம். இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுபவர் இவர், அவ்வளவுதான்.

பழைய ஸ்டீயரிங்கைத் தண்டோடு கழற்றித் தரையில் போட்டிருந்தேன். அந்த இடத்துக்கு, லீவரை இழுத்தால் மேலும் கீழும் சாய்கிற தண்டு ஒன்றை முதலாளி எங்கெங்கோ தேடி வாங்கி வந்திருந்தார். இனிமேல் தானே ஓட்டிப் பழகப்போவதாகவும், தனக்குத் தோதாக இருக்க வேண்டும் என்றும் டிரைவர் காதுபடவே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வயிற்றில் பெரிய ஆபரேஷன் முடிந்து டிரைவர் வேலைக்குத் திரும்பி மூன்று மாதம்தான் ஆகிறது. இந்த நேரத்திலா இப்படி ஓர் ஆசை வரவேண்டும்?

“உங்களைக் கழட்டி விடறதுக்கு இது ஒரு சாக்கு” என்றேன்.

சொல்லியிருக்க வேண்டாம். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. தரையில் கிடந்த பழைய ஸ்டீயரிங்கை எடுத்துத் துணியால் துடைத்தார். அவர் கை பட்டே வழுவழுத்துப் போன வளையம்.

“இதையாவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமான்னு கேட்டுச் சொல்லுங்க.”

எனக்கு வேலையே ஓடவில்லை. கீழ் இணைப்பை ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டேன். சக்கரம் நேராக இருக்க, ஸ்டீயரிங் கோணிக்கொண்டு நின்றது. எரிச்சலோடு வேலை பார்த்தால் இப்படித்தான். கழற்றி மறுபடி மாட்டினேன்.

சாயங்காலம் முதலாளி வந்தார். ஹாரன் வயருக்கு டேப் வேண்டும் என்று டிரைவரைக் கடைக்கு அனுப்பினார். அவர் தெருமுனை திரும்பியதும், முதலாளி தான் கொண்டுவந்திருந்த பையிலிருந்து ஒரு தலையணையை எடுத்தார். சட்டைப் பொத்தான்களை அவிழ்த்து அதை உள்ளே திணித்துக்கொண்டு, லாரியில் ஏறி உட்கார்ந்தார்.

ஒல்லியான மனிதர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இடிக்குது. ஒரு படி மேல தூக்குங்க.”

தூக்கினேன். “உங்களுக்கு எதுக்கு முதலாளி இவ்வளவு இடம்?”

“எனக்கா? எனக்கு சைக்கிளே ஒழுங்கா வராது.” குரலைத் தாழ்த்தினார். “மூணு மாசமா அவன் கிளீனர் பக்கக் கதவு வழியா ஏறி, நகர்ந்து நகர்ந்து வந்து உட்கார்றான். ஸ்டீயரிங் தையல்ல இடிக்குது. கேட்டா ஒண்ணுமில்லேங்கறான். அவனுக்காகத்தான்னு சொன்னா, தன்னால எனக்குத் தொந்தரவுன்னு வேலையை விட்டே போயிடுவான். ரோஷக்காரன்.”

டிரைவர் அந்தப் பக்கமாக ஏறுவதை நானும்தான் பார்த்திருக்கிறேன். கிண்டல் செய்திருக்கிறேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளி அவசரமாக இறங்கி, தலையணையைப் பைக்குள் அமுக்கிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

“எனக்கு ஒத்து வரலைப்பா. நீயே ஓட்டு” என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு.

முதலாளியின் சட்டையில் பொத்தான்கள் துளை மாறி மாட்டப்பட்டிருந்தன. பையிலிருந்து தலையணையின் ஒரு மூலை எட்டிப் பார்த்தது. இரண்டையும் டிரைவர் பார்த்தார்.

பிறகு தன் பக்கக் கதவைத் திறந்து, மூன்று மாதத்துக்குப் பின் அந்த வழியாக ஏறினார். உட்கார்ந்து, வயிற்றுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார்.

“இன்னும் ஒரு படி தூக்கணும் முதலாளி.” “உங்க தலையணையை விட என் வயிறு கொஞ்சம் பெருசு.”