பக்கத்து விண்மீன்

ஒரு விண்மீன் வெடித்தது. பெரிய தொலைநோக்கிகள் ஒரு வாரம் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. மலைமேல் இருந்த சிறிய தொலைநோக்கி மட்டும் இரண்டு வருடமாக விடாமல் பார்த்துவந்தது. வெடித்ததற்குப் பக்கத்தில் இருந்த சாதாரண விண்மீனுக்கு அது பொறுக்கவில்லை.

“எண்ணெய் தீர்ந்த விளக்கு மாதிரி ஆகிவிட்டான். இன்னும் அவனையே பார்க்கிறாய். இரு, நானும் வெடிக்கிறேன்” என்றது.

“கெடுத்தாய் போ” என்று பதறியது தொலைநோக்கி. “தினமும் முதலில் உன்னைத்தான் பார்க்கிறேன்.”

“என்னையா? எதற்கு?”

“அவன் எவ்வளவு மங்கினான் என்று உன்னோடு ஒப்பிட்டுத்தானே சொல்கிறேன். நீ மாறினால் என் உழைப்பெல்லாம் பாழ்.”

வெடித்த விண்மீன் சிரித்தது. “என் பேர் பேப்பரில் வந்த அன்றும் உன்னைப் பார்த்துவிட்டுத்தான் இந்தத் தொலைநோக்கி என்னிடம் வந்தது, அண்ணே.”

சாதாரண விண்மீனுக்குச் சந்தோஷத்தில் கொஞ்சம் கூடுதலாக ஒளிர வேண்டும்போல் இருந்தது. சிரமப்பட்டு அடக்கிக்கொண்டது.