சீசாவுக்குள் ஒரு சாட்சி

"இது இன்னிக்குக் காலம்பற என் தொண்டையிலேர்ந்து எடுத்த ஜந்து" என்று சொல்லி, செகரெட்டரி வைத்தீஸ்வரன் ஒரு சின்னச் சீசாவை மேஜைமேல் வைத்தார். வைத்த கையோடு மூன்று முறை தும்மினார்.

செம்பூர் ஸ்ரீவத்ஸா சொசைட்டியின் பொதுக்கூட்டம் எழுந்து நின்று எட்டிப் பார்த்தது. அரிசி நீளம். குட்டி நாக்கு மாதிரி ஒரு புழு.

"வெள்ளிக்கிழமை காலையில இவா ஃப்ளாட் பார்க்க வந்தா. அன்னிக்கு ராத்திரியே எனக்குத் தொண்டையில அரிப்பு. இதுக்குமேல என்ன ப்ரூஃப் வேணும்?"

'இவா' கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தாராவியில் கடை வைத்திருக்கும் நாகூர் கனியும் அவர் மனைவி மர்யமும். குடியிருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். மாட்டுங்காவிலும் சுனாபட்டியிலும் கனியின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஃப்ளாட்டுகள் எல்லாம் அதிசயமாக விற்றுப்போய்விட்டன. இங்கே மூன்றாவது மாடிக்காரர் விற்கத் தயார். கமிட்டியின் சம்மதம்தான் பாக்கி.

"எனக்கு யார்மேலயும் துவேஷம் கிடையாது" என்றார் வைத்தீஸ்வரன். "ஆனா மாமிச வாடை வந்தா பில்டிங்கோட சாந்நித்யமே போயிடும்."

"வாஸ்தவம்" என்றார் சேர்மன் வேங்கடசுப்ரமணியன், இருமலுக்கு நடுவே. பொருளாளர் நாணுவும் ஆமோதித்து இருமினார். மூவரும் சேர்ந்து இருமியது, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதுபோல் இருந்தது.

"பாருங்கோ, கமிட்டி பூராவும் பரவிடுத்து" என்றாள் வைத்தீஸ்வரனின் மனைவி சுப்புலக்ஷ்மி. "எங்காத்துக்காரர் பூண்டுன்னு பேர் சொன்னாலே வாய் கொப்பளிக்கறவர்."

நாகூர் கனி எழுந்தார். "நான் ஒரு வார்த்தை சொல்லிக்கிடட்டுமா?"

"உட்காருங்கோ" என்று வைத்தீஸ்வரன் அவசரமாகக் கையமர்த்தினார். "மெம்பர் இல்லாதவா பேசப்படாது."

முதல் மாடி டாக்டர் வந்தனா சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். காது, மூக்கு, தொண்டைதான் அவள் பிழைப்பு.

"அங்கிள், எடுத்த டாக்டர் இது என்னன்னு சொல்லலையா?"

"ஏதோ சொல்ல ஆரம்பிச்சார். மீட்டிங்குக்கு நாழியாச்சுன்னு வாங்கிண்டு வந்துட்டேன்."

"இதுக்கு நாக்குப்புழுன்னு பேர். நாயோட மூக்குக்குள்ள வளரும். நாய் தும்மினா முட்டை புல்லுல விழும். அந்தப் புல்லை மேயற ஆட்டோட ஈரல்ல குஞ்சு போய் உட்கார்ந்துக்கும்."

"நாய். கேட்டுண்டேளா?" வைத்தீஸ்வரன் முகம் மலர்ந்தது. "தாராவியில தெருவுக்குப் பதினஞ்சு நாய்."

"நாய்கிட்டேர்ந்து நேரா வந்தா வயித்துக்குள்ள எங்கேயாவது சாதுவா கிடக்கும், அங்கிள். இப்படித் தொண்டைக்கு ஏறி வந்து அரிக்கணும்னா ஆட்டு ஈரலை அரைவேக்காடா சாப்பிட்டிருக்கணும்."

நாணு தன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இவரா? ஈரலா?" சுப்புலக்ஷ்மி சிரித்தாள். "நீ எந்தக் காலேஜ்ல படிச்சே வந்தனா?"

"வியாதியைத்தான் சொன்னேன் மாமி. ஆளைச் சொல்லலை."

சேர்மன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நன்னா வெந்திருந்தா ஒண்ணும் பண்ணாதோ? ஜெனரல் நாலெட்ஜுக்குக் கேக்கறேன்."

"புழு செத்துப் போயிடும், அங்கிள்."

கனி மறுபடி எழுந்தார். "சார்வாள், இப்பமாவது..."

"மீட்டிங் முடிஞ்சுடுத்து" என்றார் நாணு, நாற்காலியை மடக்கியபடி.

"பேசட்டும்" என்றாள் சுப்புலக்ஷ்மி. நாணு நாற்காலியை விரித்துப் போட்டு அதிலேயே உட்கார்ந்தார்.

நாகூர் கனி கமிட்டியைப் பார்த்துக் கைகூப்பினார். "சட்டையில புகை வாடை ஒட்டிரும்னு, ஈரல் பாதி வேகும்போதே கம்பியப் பிடுங்குதியளே, அதான் சார்வாள் இவ்வளவும். மத்தபடி நீங்க பயப்படவே வேண்டாம். வாராவாரம் கமிட்டி மீட்டிங் நம்ம ஈரல் கடையிலதான் நடக்குன்னு, இங்க குடிவந்தாலும் வீட்டம்மாமார்ட்ட மூச்சு விடமாட்டேன்."

சுப்புலக்ஷ்மி மூன்றாம் மாடிக்கான சம்மதப் பத்திரத்தைப் பிரித்துக் கணவர் முன் வைத்துப் பேனாவையும் நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்கோ, உங்க விவரம் தெரிஞ்ச மனுஷா பில்டிங்ல ஒருத்தராவது இருக்கட்டும்."