கடைசித் தொட்டில்

"அந்த ரூம்ல இன்னா ஒளிச்சு வச்சினுகீறே?"

சந்திரமோகன் கேட்டதும் சிஃபா கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டாள். பதினைந்து வயசு.

வாசலில் நின்ற மீன்பாடி வண்டியில், அவர் கட்டிய பணத்துக்கு ஈடாக டிவி, இரண்டு ஃபேன், பிள்ளைகள் ஏறி ஆடும் மரக்குதிரை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளை ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்ட காப்பகம். நஷ்டம் தாங்காமல் போன மாதம் திவால் என்று மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டாள் சிஃபாவின் அம்மா சைதா.

இன்று சிஃபாவைப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் சொல்லிவிட்டு, வக்கீலைப் பார்க்கத் திருவள்ளூர் போயிருந்தாள். "எது போனாலும் போவட்டும். அந்த ரூமுக்குள்ள மட்டும் யாரையும் உடாத" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

"ஒரு வருசத்துக்கு மொத்தமா கட்டுனா ரெண்டு மாசம் ஃப்ரீன்னா உங்கம்மா. போனஸ் காச அப்படியே குடுத்தேன். மூணாவது மாசமே பூட்டு!" ரசீதை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார் சந்திரமோகன்.

"கன்சூமர் கோர்ட்டுல கேஸ் போட்டுகீறீங்களே சார்..."

"போட்டேன். சொத்த வித்தா மொதல்ல பேங்குக்காம், அப்பால ஆயாங்க சம்பளமாம், எங்க பேரு கடைசிலயாம். அது கைக்கு வரதுக்குள்ள எம்பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும்!"

வண்டிக்காரர் சிரித்தார்.

"அம்மா யாரையும் ஏமாத்தல சார். முடிஞ்ச மாதிரி திருப்பிக் குடுத்துனுதான் கீறாங்க."

"எனக்கு இன்னாத்த குடுத்தா? என் ஊட்டுக்காரி விடிஞ்சா மொத ஷிப்ட்டுக்கு ஓடுறா, மூணு மணிக்குத்தான் திரும்புறா. பாப்பாவ தங்கச்சி ஊட்ல உட்டுட்டுப் போறா. எத்தினி நாளைக்கு எம்பொண்ணு அடுத்தவங்க ஊட்ல கெடக்கும்? வேலைய உட்டு நின்னுடுடின்னா அளுவுறா."

சிஃபா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மூணு மணிக்கு மேல வந்து எடுத்துக்குங்க சார். கால்ல வேணா உழறேன்."

"ஏன், அதுக்குள்ள பின்பக்கமா கடத்திடலாம்னா?"

அவள் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டுக் கதவைத் தள்ளினார். ஜன்னல் சாத்திய இருட்டு அறை. உள்ளே இருந்தது ஒரே ஒரு இரும்பு ஸ்டாண்டு. அதில் பழைய சேலைத் தொட்டில் தொங்கியது.

"அட, இதுக்கா இந்த சீன் போட்ட? காயலாங்கடைல போட்டாலும் நாலு காசு தேறும். யோவ், வந்து அந்தப் பக்கம் புடிய்யா!"

அவர் ஸ்டாண்டில் கை வைத்ததும் சிஃபா பாய்ந்து வந்து சேலையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"மெதுவாப் பேசுங்க சார்... உங்க பாப்பா இப்பதான் தூங்குச்சு."