ஓடைக்குத் தெற்கு

மகள் பூவிழிக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. தினமும் சத்தமாக வாசித்துக் காட்டச் சொன்னார் டாக்டர். பத்திர எழுத்தர் தணிகாசலத்துக்குத் தன் எழுத்தைவிட உயர்ந்த இலக்கியம் இருப்பதாகத் தெரியாது. அன்று எழுதிய கிரயப் பத்திரத்தையே தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தார். "ஏங்க, புள்ளையவே வித்துருவீங்க போல" என்றாள் மனைவி. "என் தமிழ் அவ காதுல விழட்டும்டி." ஓடைக்குத் தெற்கு, மாந்தோப்புக்கு மேற்கு, இதற்கு மத்தியில் என்று அவர் வாசிக்க வாசிக்க, மத்தியான வெயிலில் மாம்பூ மணத்தது. எங்கோ நீர் சலசலத்தது. பூவிழி பாயிலிருந்து எழுந்து, பாவாடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தரையில் மெல்ல அடியெடுத்து வைத்தாள். நாற்காலியில் இருந்தவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, காலத் தூக்கு. தண்ணி." பத்திரம் நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தணிகாசலம் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் ஏற்றிக்கொண்டார்.