நெஞ்சுக்கு நடுவில் ஓர் அறை

கிளிநொச்சியில், கிளினிக் ஜன்னலின் காலை வெயிலுக்கு நேரே டொக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். விலா எலும்புகளின் நடுவே, கஜனியின் கணவன் சுகிர்தனின் இதயம் இடப்பக்கம் சாய்ந்த வெண்ணிழலாகத் தெரிகிறது. அதனருகே, நெல்மணி அளவில், போரில் பாய்ந்த ஷெல் துண்டு இன்னும் வெள்ளையாகப் பளிச்சிடுகிறது. "இரண்டு நுரையீரலுக்கும் நடுவில இருக்கிற அறை இது. இதயம், பெரிய ரத்தக்குழாய், மூச்சுக்குழாய் எல்லாம் இதுக்குள்ளதான். துண்டு இதயத்தைத் தொடேல்லை. சுத்திச் சதை வளர்ந்து பிடிச்சிட்டுது, இனி அசையாது," என்கிறார். கஜனி சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி நிற்கிறாள். கலியாணம் கட்டிப் பதினொரு வருடம். பாரம் பட்டால் துண்டு உள்ளே இறங்கிவிடும் என்று அவன் நெஞ்சில் அவள் ஒருநாளும் தலை வைத்ததில்லை. விசுவமடு வயலில் நெல்மூட்டையைச் சும்மா தூக்கிப் போடுகிறவனின் விரல்கள் இப்போது சட்டைப் பொத்தான்களில் தடுமாறுகின்றன. "டொக்டர்," என்கிறான், நிலத்தைப் பார்த்தபடி, "அப்ப, ஆரும் இதில தலை வைச்சுப் படுத்தால்?" "படுக்கட்டும்," என்று டொக்டர் படத்தை உறைக்குள் வைக்கிறார். கஜனி முகத்தை நிமிர்த்தாமல் கிட்டப் போய், அவன் நெஞ்சுக்கு நேரே இருக்கும் பொத்தானைப் பூட்டத் தொடங்குகிறாள். அது ஏற்கெனவே பூட்டித்தான் இருக்கிறது.