சொல்வதை எழுதுபவர்

பல்கலைக்கழகத் தேர்வுக் கூடத்தை ஒட்டிய சிறு அறையில் பார்வையற்ற மாணவன் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். எல்லோருக்கும் சம வாய்ப்பு என்ற திட்டத்தின்படி, அவன் சொல்வதை எழுத அலுவலகத்து அக்கா ஒருவரை அனுப்பியிருக்கிறார்கள். மின்விசிறி கரகரக்கிறது. வெள்ளைக்காரர் ஆட்சியில் பஞ்சம் ஏன் வந்தது என்பது கேள்வி. ஆண்டு முழுக்கத் தங்கை வாசிக்கக் கேட்டு மனத்தில் ஏற்றியதை அவன் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறான்: தானியம் இருந்தது, கிடங்குகளைப் பூட்டினார்கள், மிச்சத்தைக் கப்பலில் ஏற்றினார்கள். பாதியிலேயே பேனாவின் சத்தம் நின்றுவிடுகிறது. அவன் காதைத் தீட்டிக்கொள்கிறான். "அக்கா, எழுதிட்டீங்களா?" "எழுதிட்டேம்ப்பா, மேல சொல்லு." "கடைசி வரியப் படிங்க." தாள் சரசரக்கிறது. "தானியம் இருந்தது..." அதோடு சரி. "கை மரத்துப்போச்சுப்பா. இவ்வளவு நீளமா எழுதிப் பழக்கமில்ல." வாசலில் நிற்கும் மேற்பார்வையாளர் குரல் கொடுக்கிறார்: "ஆள் கிடைச்சதே பெரிய விஷயம் தம்பி. வேணாம்னா அடுத்த வருஷம்தான்." மேசை விளிம்பை இறுகப் பற்றிய அவன் விரல்கள் மெல்லத் தளர்கின்றன. "அத அடிச்சிடுங்கக்கா," என்கிறான். "மழை பெய்யல, அதனால பஞ்சம் வந்துச்சுன்னு எழுதுங்க." பேனா தடையில்லாமல் ஓடுகிறது.