மிளகாய்க் குச்சி

பிரேமலா, சாத்தே இறைச்சி வாட்டும் மூங்கில் குச்சியில் சிவப்பு மிளகாயைக் குத்தினாள். அதன்மேல் ஒரு சின்ன வெங்காயம். குத்தும்போது வெங்காயம் வழுக்கி உருண்டு அடுப்புக்குக் கீழே ஓடிவிட்டது.

மூத்த மகள் ஷாமளா குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

வெளியே மழை. மழையா அது? வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

ஆகஸ்ட் மாதத்தில் இந்தப் பாலோ ஊரில் இப்படி யார் பார்த்தது? முன்பெல்லாம் டிசம்பர் கடைசியில்தான் வெள்ளம் வரும். அதுவும் மரியாதையாக வரும். வாசலில் நின்று யோசித்துத்தான் படியேறும். அதற்குள் டிவியை மேசைமேல் தூக்கி வைத்து, அரிசியை உயரத்தில் ஏற்றி, ஒரு வாய் சோறும் சாப்பிட்டுவிடலாம்.

இப்போது அதற்கு மாதமும் கிடையாது, மரியாதையும் கிடையாது. போன வருஷம் ஏப்ரலில் ஒரு மாத மழை ஒரே மத்தியானத்தில் கொட்டியது. அன்றைக்கும், பழக்க தோஷம், முதலில் டிவியைத்தான் தூக்கினார்கள்.

இந்த மழையில் ஷாமளாவின் அப்பா அர்ச்சுனன் குளுவாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறார். ஆற்றுப்பாலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். போன் அடித்தால் எடுக்கவில்லை. மழை நின்றால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

மிளகாய்க் குச்சியை மண்ணில் நட்டால் மழை நிற்கும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. கல்யாணமோ கோயில் திருவிழாவோ, யாராவது நட்டுவிடுவார்கள். வீட்டின் கடைக்குட்டிப் பெண்தான் நட வேண்டும். நட்டவள் காரியம் முடியும்வரை குளிக்கக் கூடாது.

குளிக்காமல் இருக்க ஒரு சாக்குக் கிடைத்ததே என்று இந்த வீட்டுக் கடைக்குட்டி லோஷினிக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். மாரியம்மன் திருவிழாவில் அவள் நட்ட கையோடு மழை விட்டுவிட, ஊரே அவளை மழைச் சாமியார் என்று கேலி செய்தது. அதையும் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய பள்ளிச் சீருடை தேய்த்து ஆணியில் தொங்குகிறது. யாரும் தொடக் கூடாது. ஏப்ரல் வெள்ளத்தில் அவளைத் தேடிய படகுகள் திரும்பிப் போன பிறகு துக்கம் கேட்க வந்தவர்களை, அவள் வருவாள், காரியம் கீரியம் என்று இங்கே பேசாதீர்கள் என்று பிரேமலா வாசலோடு அனுப்பிவிட்டாள்.

மழை பெய்தால் கேட் திறக்கிற சத்தம் கேட்கும். தாயும் மகளும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

இப்போதும் கேட்டது. இருவரும் பார்த்தார்கள். கேட் சாத்தியேதான் இருந்தது. தண்ணீர் முதல் படியைத் தொட்டிருந்தது.

பிரேமலா குச்சியை நீட்டினாள்.

ஷாமளா வாங்கவில்லை. "நான் மூத்தவம்மா. நான் நட்டா நிக்காது லா."

பிரேமலா ஆணியில் தொங்கிய சீருடையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குச்சியை மகளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"இனிமே நீதான்டி கடைக்குட்டி."